படுக்கும் முன் இரண்டு நிமிடம்

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில், பி பிளாக்கில் வசிக்கும் பல் மருத்துவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். கூட்டத்துக்கு வர இயலாதவர்களுக்காக இங்கே வெளியிடுகிறோம்.)



பத்து நிமிஷம் பேசினால் போதும், அதற்குப் பிறகு தண்ணீர் லாரி விஷயம் இருக்கிறது என்று செயலாளர் முன்பே சொல்லிவிட்டார். தண்ணீர் லாரியோடு போட்டி போட்டு யாரும் ஜெயித்ததில்லை. அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

காலையில் பல் தேய்க்காமல் காபி குடிப்பவர்கள் கை தூக்குங்கள் என்று கேட்டால், குடிப்பவர்கள்கூடத் தூக்க மாட்டீர்கள். சங்கடமாக இருக்கும். இரவில் பல் தேய்க்காமல் படுப்பவர்கள் யார்? பாருங்கள், பாதி ஹால் தூக்குகிறீர்கள், அதுவும் சிரித்துக்கொண்டே. உங்களைக் குறை சொல்லவில்லை. நம் பழக்கத்தில் பல் தேய்ப்பது காலைக் கடன். ஆலங்குச்சி, வேலங்குச்சி காலத்திலிருந்து அப்படித்தான். எழுந்ததும் வாய் சுத்தமாக வேண்டும், பிறகுதான் காபி, குளியல், சாமி கும்பிடுவது எல்லாம். இரவுக்கு ‘வாயைக் கொப்பளித்துவிட்டுப் படு’ என்பதோடு சரி.

காலை, இரவு இரண்டு வேளையும் தேய்க்க வேண்டும் என்பதுதான் சரியான பதில். ஆனால் ‘ஒரு வேளைதான் முடியும் டாக்டர், எந்த வேளை என்று சொல்லுங்கள்’ என்று யாராவது பிடிவாதம் பிடித்தால், நான் இரவைத்தான் சொல்வேன். காலையில் தேய்ப்பதில் பாதிக்கு மேல் மற்றவர்களுக்காக. இரவில் தேய்ப்பது முழுக்க உங்கள் பல்லுக்காக.

காரணம் உமிழ்நீர். எச்சில் என்று சொல்லி நாம் முகம் சுளிக்கிற அந்தத் தண்ணீர், ஒரு நாளைக்கு அரை லிட்டரிலிருந்து ஒன்றரை லிட்டர் வரை சுரக்கிறது. அது வெறும் தண்ணீர் அல்ல. பல்லில் ஒட்டியதைக் கழுவி உள்ளே அனுப்புகிறது. அதிலிருக்கும் பைகார்பனேட் வாயிலுள்ள அமிலத்தை முறிக்கிறது. அதிலிருக்கும் கால்சியமும் பாஸ்பேட்டும், பல்லின் மேல் ஓடான எனாமலில் கரைந்துபோன இடங்களைத் திரும்ப நிரப்புகின்றன. நம் பிளாக்கில் பெருக்கவும், குப்பை எடுக்கவும், அங்கங்கே பெயர்ந்த சிமெண்ட்டைப் பூசவும் ஆட்கள் இருக்கிறார்கள் அல்லவா? இந்த மூன்று வேலையையும் வாயில் ஒரே ஆள் செய்கிறார், சம்பளம் கேட்காமல். ஒரே ஒரு நிபந்தனை. நீங்கள் தூங்கினால் அவரும் தூங்கிவிடுவார். ஆழ்ந்த தூக்கத்தில் உமிழ்நீர் சுரப்பது ஏறக்குறைய நின்றே போகிறது. காலையில் எழும்போது வாய் பிசுபிசுவென்று, நாற்றத்தோடு இருப்பது அதனால்தான்.

வாயிலுள்ள கிருமிகளுக்கோ நைட் ஷிப்ட் உண்டு. பல்லின் மேல் விரல் நகத்தால் சுரண்டினால் வெள்ளையாக ஒரு மாவு வரும், பார்த்திருப்பீர்கள். அது சாப்பாட்டுத் துணுக்கு என்று பலரும் நினைக்கிறார்கள். பெரும்பகுதி கிருமிகள்தான், கூட்டமாகக் குடியேறி, பசை போட்டு ஒட்டிக்கொண்டிருக்கின்றன. நாம் விட்டுவைக்கிற சர்க்கரையையும் மாவுப் பொருளையும் அவை தின்று அமிலமாக வெளியே விடுகின்றன. அமிலத்தன்மையை அளக்கிற பி.எச். அளவு சுமார் 5.5-க்குக் கீழே இறங்கினால் எனாமல் கரையத் தொடங்கும். 1940-களில் ஸ்டீபன் என்ற அமெரிக்க ஆய்வாளர் இதைப் பல்லின் மேலேயே அளந்து காட்டினார். சர்க்கரைத் தண்ணீர் பட்ட சில நிமிடங்களில் அளவு சரேலென்று கீழே போகிறது. பிறகு உமிழ்நீர் மெல்ல மெல்ல அதை மேலே தூக்குகிறது. பழைய நிலைக்கு வர அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் வரை ஆகும். பகலில் மைசூர்பாகு சாப்பிட்டாலும் பல் தப்பித்துக்கொள்வது இந்த வழியில்தான். ராத்திரி பதினோரு மணிக்கு அதே மைசூர்பாகைச் சாப்பிட்டுவிட்டுப் படுத்தால், தூக்கிவிட ஆள் இல்லை. பகலில் ஒரு மணி நேரத்தில் முடிய வேண்டிய விஷயம் வெகுநேரம் நீடிக்கும்.

‘நான் ராத்திரி இனிப்பே தொடுவதில்லை’ என்பார்கள். இனிப்பு மட்டும் இல்லை. சீரியல் பார்த்துக்கொண்டே கொறிக்கிற மிக்ஸர், பிஸ்கட், சிப்ஸ் எல்லாம் கடைவாய்ப் பல்லின் குழிகளில் அப்பிக்கொள்ளும். சாப்பிட்டு வெகு நேரம் கழித்தும் நாக்கால் துழாவினால் தட்டுப்படும். மலச்சிக்கலுக்காக இரவு ஒரு வாழைப்பழம், தூக்கம் வர ஒரு டம்ளர் சர்க்கரை போட்ட பால், இரும்புச் சத்துக்கு இரண்டு பேரீச்சம்பழம். எல்லாம் உடம்புக்கு நல்லதுதான், சாப்பிடுங்கள். ஆனால் எல்லாவற்றையும் முடித்துவிட்டுப் பல் தேய்க்க வேண்டும். நம் வீடுகளில் வரிசை தலைகீழாக இருக்கிறது. ஒன்பது மணிக்குப் பல் தேய்த்த குழந்தையை ‘கண்ணா, பாலைக் குடிச்சிட்டுப் படு’ என்று பத்து மணிக்குக் கூப்பிடுகிறோம். தேய்த்ததற்குப் பிறகு வாய்க்குள் போகக்கூடியது தண்ணீர் ஒன்றுதான். இன்று நான் சொல்வதில் இந்த ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டாலும் எனக்குச் சந்தோஷம்.

குழந்தைகளைப் பற்றிச் சற்று அதிகமாகவே பேசப்போகிறேன். இங்கே முன் வரிசையில் இளம் பெற்றோர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள்.

வாயில் பால் புட்டியோடு தூங்கிப்போகிற குழந்தைகளுக்கு ஒரு தனி மாதிரியான சொத்தை வரும். மேல் முன்பற்கள் நான்கும் ஈறு ஓரத்தில் முதலில் சுண்ணாம்பு போல வெளுக்கும், பிறகு பழுப்பாகும், பிறகு உடைந்து குச்சி குச்சியாக நிற்கும். கீழ் முன்பற்கள் மட்டும் முத்து மாதிரி அப்படியே இருக்கும். சப்பும்போது நாக்கு அவற்றை மூடிக்கொள்வதும், நாக்கடியில் சுரக்கிற எச்சில் அங்கே தேங்குவதும்தான் காரணம். இந்த வாயைப் பார்த்தாலே ராத்திரி என்ன நடக்கிறது என்று எங்களுக்குத் தெரிந்துவிடும். அம்மாவைத் திட்டிப் பயனில்லை. காலையில் வேலைக்கு ஓட வேண்டிய பெண், நள்ளிரவு இரண்டு மணிக்கு அழுகிற குழந்தையின் வாயில் புட்டியை வைக்காமல் வேறென்ன செய்வாள்? ஒரு வயதைத் தாண்டிய குழந்தைக்குப் புட்டியில் பாலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துத் தண்ணீரைக் கூட்டிக்கொண்டே வாருங்கள். சில நாட்களில் அது தண்ணீர் புட்டியாகிவிடும், பிறகு தானே அலுத்துப்போகும். முதல் பல் எட்டிப் பார்த்த நாளிலிருந்து இரவு தேய்த்துவிடுங்கள். மூன்று வயது வரை பேஸ்ட் ஓர் அரிசி அளவு, அதற்கு மேல் ஆறு வயது வரை ஒரு பட்டாணி அளவு. விளம்பரத்தில் பிரஷ் நீளத்துக்குப் பாம்பு மாதிரி பிதுக்குவது பேஸ்ட் விற்பதற்காக.

‘பால் பல்தானே, எப்படியும் விழத்தானே போகிறது’ என்று பாட்டிமார்கள் சொல்வார்கள். முன்பற்கள் ஆறு, ஏழு வயதில் விழும், உண்மை. ஆனால் பின்னாலுள்ள பால் பற்கள் பத்து, பன்னிரண்டு வயது வரை இருந்தாக வேண்டும். அவைதான் அடுத்து வரப்போகிற பல்லுக்கு இடம் பிடித்து வைத்திருக்கின்றன. முன்பே பிடுங்கும்படி ஆனால் பக்கத்துப் பல் சாய்ந்து இடத்தை அடைத்துக்கொள்ளும். பார்க்கிங்கில் ஒரு நாள் காரை எடுத்தால் என்ன ஆகிறது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொன்று. ஆறு வயதில், எந்தப் பல்லும் விழாமலேயே, வரிசைக்குக் கடைசியில் சத்தமில்லாமல் ஒரு பெரிய கடைவாய்ப் பல் முளைக்கும். மேலே இரண்டு, கீழே இரண்டு. எதுவும் விழாததால் இதையும் பால் பல் என்றே வீட்டில் நினைத்துக்கொள்கிறார்கள். அது எண்பது வயது வரை வர வேண்டிய பல். ஆழமான குழிகள் உள்ள பல். குழந்தையின் பிரஷ் அந்தக் கோடி வரை போவதே இல்லை. எட்டு வயதில் அதில் பெரிய சொத்தையோடு வருகிற குழந்தைகளைப் பார்க்கும்போது எனக்கு மனசு ஆறாது. ஏழு, எட்டு வயது வரை இரவு வேளை நீங்களே தேய்த்துவிடுங்கள். தன் சட்டைப் பட்டனையும் ஷூ கயிற்றையும் ஒழுங்காகப் போடத் தெரியாத கை, கடைவாய்ப் பல்லை மட்டும் எப்படித் தேய்க்கும்?

இப்போது பெரியவர்களுக்கு வருவோம். நாற்பது வயதுக்கு மேல் சொத்தையைவிட ஈறுதான் பெரிய பிரச்சினை. ஈறு நோய் வலிக்காது, அதுதான் சிக்கல். பிரஷ்ஷில் கொஞ்சம் ரத்தம் தெரியும், ‘சூடு’ என்று சொல்லி மோர் குடிப்போம். 1965-இல் டென்மார்க்கில் ஹெரால்ட் லோ என்பவரும் சக ஆய்வாளர்களும் ஒரு சோதனை செய்தார்கள். ஆரோக்கியமான ஈறு உள்ள 12 பேரைப் பல் தேய்ப்பதை அடியோடு நிறுத்தச் சொன்னார்கள். பெரும்பாலும் பல் மருத்துவ மாணவர்கள், பாவம். மூன்று வாரத்துக்குள் அத்தனை பேருக்கும் ஈறு வீங்கிவிட்டது. திரும்பத் தேய்க்க ஆரம்பித்ததும் ஒரு வாரம் போல ஆனது, எல்லாம் சரியாகிவிட்டது. மருந்து, மாத்திரை எதுவும் இல்லை. ரத்தம் வருகிறதே என்று அந்த இடத்தைத் தொடாமல் விடுகிறவர்கள் இதைக் கவனியுங்கள். ரத்தம் வருகிற இடத்தைத்தான் மென்மையாக, ஆனால் கட்டாயமாகத் தேய்க்க வேண்டும். இரண்டு வாரம் ஒழுங்காகத் தேய்த்தும் ரத்தம் நிற்கவில்லை என்றால் மருத்துவரைப் பாருங்கள்.

நீக்காமல் விட்ட அந்த வெள்ளை மாவு உமிழ்நீரிலுள்ள கால்சியத்தை வாங்கிக் கெட்டியாகிக் காரையாகப் படியும். போர் தண்ணீரால் காரை பிடிக்கிறது என்று நம் வாட்ஸ்அப் குரூப்பில் போன மாதம் ஒரு பெரிய விவாதமே நடந்தது. போர் தண்ணீர் உங்கள் குழாயை அடைக்கும், கெய்சரைக் கெடுக்கும். பல்லில் காரை பிடிப்பது உங்கள் சொந்த எச்சிலால்தான். கிளீன் செய்தால் பல் ஆடும் என்பதும் தவறு. ஏற்கெனவே எலும்பு கரைந்து ஆடிக்கொண்டிருந்த பல்லைக் காரை பிடித்து நிறுத்தியிருக்கும். அதை எடுத்ததும் ஆட்டம் தெரியவருகிறது, அவ்வளவுதான்.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் இதில் இரட்டிப்புக் கவனமாக இருக்க வேண்டும். சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால் ஈறு நோய் வேகமாக முற்றும். ஈறு நோய் முற்றினால் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவது கஷ்டமாகும். ஒன்றுக்கொன்று தோள் கொடுத்துக்கொள்ளும். மாத்திரையை மறக்காமல் போடுகிறவர்கள் அதே அக்கறையோடு பிரஷ்ஷையும் கையில் எடுக்க வேண்டும் என்று நான் சொல்வது அதனால்தான். பல் போனால் உணவும் மாறிப்போகிறது. கொய்யா, வெள்ளரிக்காய், சுண்டல் எல்லாம் போய், குழைந்த சாதமும் ரொட்டியுமே மிஞ்சும். சர்க்கரைக்காரருக்கு இதைவிட மோசமான மெனு கிடையாது.

வயதாகும்போது இன்னும் இரண்டு விஷயம் சேர்ந்துகொள்கிறது. ஒன்று, ஈறு இறங்கி வேர் வெளியே தெரியும். வேருக்கு எனாமல் கிடையாது. எனாமலைக் கரைக்கப் போதாத லேசான அமிலமே அதைக் கரைத்துவிடும். இரண்டு, மாத்திரைகள். சளிக்கும் அலர்ஜிக்கும் போடுகிற சில மாத்திரைகள், மன அழுத்தத்துக்கான சில மாத்திரைகள், ரத்த அழுத்தத்துக்காகச் சிறுநீரைப் பிரிக்கிற மாத்திரைகள் எல்லாம் வாயை உலர்த்தும். ராத்திரி நின்றுவிடுகிற உமிழ்நீர் இவர்களுக்குப் பகலிலேயே குறைவு. நாக்கு ஒட்டிக்கொள்கிறது என்று எழுந்து எழுந்து தண்ணீர் குடிப்பவர்கள் அதை மருத்துவரிடம் சொல்லுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். வறட்சிக்கு மிட்டாய் சப்பாதீர்கள்.

எப்படித் தேய்ப்பது என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மென்மையான பிரஷ், இரண்டு நிமிடம். ஈறும் பல்லும் சேருகிற கோட்டில் பிரஷ்ஷைச் சாய்த்துப் பிடித்து, சின்னச் சின்னதாக அசைக்க வேண்டும். பாத்திரம் துலக்குகிற மாதிரி அழுத்தித் தேய்த்தால் பல்தான் தேயும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை பிரஷ்ஷை மாற்றுங்கள், அதற்கு முன்பே விரிந்துவிட்டால் அப்போதே. பல்லிடுக்கில் பிரஷ் போகாது. ஃப்ளாஸ் நூலோ இடுக்குப் பிரஷ்ஷோ போடப் பழகியவர்கள் அதையும் இரவில் செய்யுங்கள். குண்டூசியும் ஊக்கும் வேண்டாம். மவுத்வாஷ் இருந்தால் சரி, இல்லாவிட்டால் ஒன்றும் குறைந்துவிடாது. கரித்தூள் பேஸ்ட்டுக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை, நம் தாத்தாக்கள் அடுப்புக்கரியில் இலவசமாகவே பல்லைத் தேய்த்துக் கெடுத்துக்கொண்டார்கள்.

முக்கியமானது ஒன்று. தேய்த்து முடித்ததும் நுரையைத் துப்புங்கள், ஆனால் தண்ணீர் விட்டு நாலு தடவை கொப்பளிக்காதீர்கள். பேஸ்ட்டிலிருக்கும் ஃப்ளோரைடு கொஞ்சம் பல்லில் தங்கினால்தான் வேலை செய்யும். உமிழ்நீர் இல்லாத அந்த நேரத்தில் அதுதான் காவல். காலையில் ஆபீஸுக்குக் கிளம்பும் அவசரத்தில் வாய் கொப்பளிக்காமல் போக உங்களுக்கு மனசு வராது. ராத்திரி யாரைப் பார்க்கப்போகிறீர்கள்?

ஃப்ளோரைடு விஷமாயிற்றே என்று ஒரு கை எழுகிறது. நியாயமான கேள்வி. தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் இங்கே இருப்பீர்கள். அங்கே நிலத்தடி நீரில் இயற்கையாகவே ஃப்ளோரைடு அதிகம். குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. அதைவிட அதிகமுள்ள தண்ணீரைப் பல் உருவாகிற வயதிலிருந்தே குடித்தால் பல்லில் பழுப்புக் கறை விழும், அதிகமானால் எலும்பையும் பாதிக்கும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததற்கு அது ஒரு பெரிய காரணம். ஆனால் அது வருஷக்கணக்கில் விழுங்குவது. பேஸ்ட் துப்புவது. குழந்தைக்கு அரிசி அளவு, பட்டாணி அளவு என்று நான் கணக்குச் சொன்னதும், குழந்தை தேய்க்கும்போது பெரியவர் பக்கத்தில் நிற்க வேண்டும் என்பதும், அது விழுங்கிவிடக் கூடாது என்பதால்தான்.

பலருக்கும் தடை சோம்பல் இல்லை, தூக்கம். பதினோரு மணிக்குச் சோபாவிலேயே கண் சொக்கிய பிறகு பாத்ரூமுக்கு யார் போவார்கள்? அதனால் படுக்கும்வரை காத்திருக்காதீர்கள். இரவுச் சாப்பாடு, பால், பழம் எல்லாம் முடிந்து ஒரு கால் மணி, அரை மணி கழித்துத் தேய்த்துவிடுங்கள். புளிப்பாக எலுமிச்சைச் சாறு, குளிர்பானம் ஏதாவது குடித்திருந்தால் அந்த அரை மணி இடைவெளி அவசியம், மிருதுவாகியிருக்கும் எனாமலை உடனே தேய்க்கக் கூடாது. தேய்த்துவிட்டால் அன்றைக்கு அடுக்களையைப் பூட்டியாயிற்று என்று அர்த்தம். எடை குறைக்க நினைப்பவர்களுக்கு இதில் ஓர் உபரி லாபமும் உண்டு.

இரவு என்று நான் சொல்வது கடிகாரத்தை வைத்து அல்ல. ஐ.டி. வேலையில் விடியற்காலை நான்கு மணிக்கு வந்து படுப்பவர்களுக்கு அதுதான் இரவு. நம் கேட்டில் நிற்கும் செக்யூரிட்டி அண்ணன்களையும் சொல்ல வேண்டும். கண் மூடாமல் இருக்க இரவு முழுக்கச் சர்க்கரை போட்ட டீயை ஒவ்வொரு வாயாகக் குடிக்கிறார்கள். ஒவ்வொரு வாய்க்கும் அந்த அரை மணி, ஒரு மணிக் கணக்கு முதலிலிருந்து தொடங்கும். ஃபிளாஸ்க்கில் கொடுத்தனுப்புகிறவர்கள் சர்க்கரையைக் குறைத்துக் கொடுங்கள், கூடவே ஒரு பாட்டில் தண்ணீரும் வையுங்கள். காலையில் அவர்கள் வீட்டுக்குப் போய்ப் படுக்கும் முன் தேய்க்க வேண்டும்.

கடைசியாக, படுக்கையில் இருக்கும் பெரியவர்கள். நம் வளாகத்தில் அப்படிச் சில வீடுகள் இருக்கின்றன. பிள்ளைகள் வெளிநாட்டில், பார்த்துக்கொள்வது ஓர் உதவியாளர். குளிப்பாட்டுவது, டயப்பர் மாற்றுவது, மாத்திரை கொடுப்பது எல்லாம் எழுதிவைத்த அட்டவணையில் இருக்கிறது. வாய் மட்டும் இருக்காது. வாயில் பெருகும் கிருமிகள் எச்சிலோடு மூச்சுக்குழாய்க்குள் இறங்கி நிமோனியா வருவது இவர்களுக்கு உயிருக்கே ஆபத்தான விஷயம். பக்கவாதம் வந்தவர்களுக்குச் செயலிழந்த பக்கக் கன்னத்துக்குள் சாதம் ஒதுங்கிக் கிடக்கும், அவர்களுக்கே தெரியாது. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு தலையை உயர்த்தி உட்கார வையுங்கள். முடியாவிட்டால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். விரலில் சுற்றிய ஈரத்துணியால் கன்னத்தின் உட்புறத்தை முதலில் துழாவி எடுத்துவிட்டு, மென்மையான பிரஷ்ஷில் மிகக் கொஞ்சமாகப் பேஸ்ட் வைத்துத் தேய்த்து, நுரையை ஈரத்துணியாலேயே துடைத்து எடுங்கள். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், புரையேறும். பல்செட் இருந்தால் கழற்றி, தேய்த்துக் கழுவி, இரவு முழுக்கத் தண்ணீரில் போட்டு வையுங்கள், ஈறும் கொஞ்சம் ஓய்வெடுக்கட்டும். வெளிநாட்டிலிருந்து வீடியோ காலில் பேசும் பிள்ளைகள், சாப்பிட்டீர்களா, மாத்திரை போட்டீர்களா என்று கேட்பதோடு, வாயைச் சுத்தம் செய்தார்களா என்றும் உதவியாளரிடம் கேளுங்கள். எப்படிச் செய்வது என்று தெரியாவிட்டால் எனக்குச் சொல்லி அனுப்புங்கள், நேரில் வந்து ஒரு முறை செய்து காட்டுகிறேன்.